எதிர்ப்பக்கம் பிடித்த கை

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சாவைப் பார்த்துப் பார்த்து இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் பிறகு முடிவு கட்டிவிடக் கூடாது பாருங்கள். எத்தனையோ பேருக்குக் கடைசிக் குளியல் செய்துவிட்ட கைகள் இவை. வாயைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வெள்ளைத் துணி சுற்றி, ஸ்ட்ரெச்சரைத் தனியாக லிஃப்டில் கீழே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். விட்டுவிட்டு நேராக கேன்டீனுக்குப் போய்ச் சமோசா தின்றிருக்கிறேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் பெயர் விஜயா. அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அரக்கோணத்துக்காரர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் ஹிந்தி, கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். மாதாப்பூர் பக்கம் பாறையை வெடிவைத்து உடைத்து கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடமாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்த வருஷங்களில் அங்கே ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியும் வந்தது. அதில் நான் சேர்ந்தேன். மற்ற இடங்களில் ஆயா என்பார்கள், இங்கே பயிற்சி கொடுத்து, பேட்ஜ் குத்தி, நர்சிங் அசிஸ்டெண்ட் என்றார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பேட்ஜைப் பார்த்துவிட்டு அப்புறமும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், அது வேறு விஷயம்.

என் வேலை என்ன என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே கிடையாது. மருந்து, ஊசி இரண்டையும் நான் தொடக் கூடாது, அது சிஸ்டர் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புண் வராமல் திருப்பிப் போடுவது என் வேலை. இதையெல்லாம் செய்யும்போது கண்ணில் எது பட்டாலும் உடனே சிஸ்டரிடம் சொல்வதும் என் வேலை. டாக்டர் ஒரு நாளில் ஒருவரைப் பார்ப்பது கொஞ்ச நேரம், நான்தான் அவர் முதுகைத் தினமும் பார்க்கிறவள். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சுஜாதா சிஸ்டர், "விஜயா, நீ சொல்லு" என்று என்னையும் கூப்பிடுவார். சாப்பிட்டாரா, முதுகு சிவந்திருக்கிறதா, மலம் போனதா என்று நான் சொல்வதை டாக்டர் நின்று கேட்டுக்கொள்வார். அந்த வார்டில் அது வழக்கம், எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது. கனமான ஆளை ஒருத்தி தனியாகத் திருப்பக் கூடாது. ஒருத்தி முதுகுப் பக்கம் நிற்பாள், இன்னொருத்தி முகத்துப் பக்கம். அடியில் போட்டிருக்கும் துணியை முதுகுப் பக்கம் நிற்பவள் சுருட்டிப் பிடித்து இழுக்க, முகத்துப் பக்கம் நிற்பவள் முட்டியையும் இடுப்பையும் தாங்கிக்கொள்வாள். நோயாளியின் முகம் யாருக்குத் தெரிகிறதோ அவள் பேச்சுதான் அங்கே சட்டம். வலியில் முகம் சுளித்தால் அவளுக்குத்தானே தெரியும்? அவள் வேண்டாம் என்றால் மற்றவள் கையை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் வார்டுக்கு சுந்தரம் சார் வந்தார். குஷாய்குடா பக்கம் அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். திடீரென்று பக்கவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நல்ல ஆகிருதி, கட்டிலே நிறைந்துவிடும். நினைவு இருந்தது, கண் எல்லாவற்றையும் பார்க்கும், வாயில் மட்டும் ஒரு வார்த்தை வராது. அவர் மனைவி சரஸ்வதி அம்மா பகல் முழுக்கக் கூடவே இருப்பார். தமிழ் பேச ஆள் கிடைத்ததும் என்னை விடவே மாட்டார், "அம்மிணி, அம்மிணி" என்று என் பின்னாலேயே பேச்சு வரும்.

அந்த அம்மாவுக்கு ஒரே நினைப்பு, விழுந்த காலை எழுப்ப வேண்டும். கேரளாவிலிருந்து தைலம் வரவழைத்திருந்தார். சுடச்சுட ஊற்றி அழுத்தித் தேய்த்தால் நரம்பு இளகும் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நம்மில் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம். பக்கவாதம் என்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் உருவு, இதை யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது. டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயந்து அவர் கேட்கவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம். பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது நல்ல வெயில் நேரம், ஜன்னல் திரையைத் தாண்டி வெளிச்சம் அறைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. சுந்தரம் சார் இடது பக்கம் ஒருக்களித்து, ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். அவரை மல்லாக்கத் திருப்ப வேண்டிய நேரம். சரஸ்வதி அம்மா அவருடைய பைஜாமாவை முட்டிக்கு மேல் ஏற்றிவிட்டுவிட்டு, தைலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மிணி, நீ அவரைத் திருப்பிப் போட்டுரு கண்ணு. நான் போய் இதைச் சூடு பண்ணிட்டு வந்தர்றேன். இன்னிக்குத் தேய்ச்சே தீரோணும்."

"அம்மா, சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"கேட்டுக்கலாம், கேட்டுக்கலாம். எண்ணெய் தேய்க்கறதுக்கெல்லாமா சீட்டு எழுதி வாங்குவாங்க?"

போய்விட்டார். என்னோடு திருப்புகிற ஜோடி யாதம்மா, தெலுங்குப் பெண், நல்ல பலசாலி. சற்று முன்பு நடையில் அவளைக் கூப்பிட்டபோது "மீரு மொதலு பெட்டண்டி அக்கா, வஸ்தானு" என்றாள். நீங்கள் ஆரம்பியுங்கள், வந்துவிடுகிறேன் என்று அர்த்தம். அதனால் நான் கட்டிலைச் சுற்றியுள்ள திரையை இழுத்துவிட்டு, முதுகுப் பக்கம் நின்று, குனிந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தேன். நான் குள்ளம், கட்டிலையும் உயர்த்தி வைத்திருந்தார்கள், சார் ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் எனக்கு எதிரே சுவர் எழுப்பின மாதிரி. அந்தப் பக்கம் நிற்பவளின் முகம் எனக்குத் தெரியாது, அவர் இடுப்புக்கு மேல் வரும் கை மட்டும்தான் தெரியும். எப்போதும் அப்படித்தான்.

திரையின் வளையங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. உறை போட்ட கை ஒன்று அவர் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு கை காலைப் பிடித்திருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது சொல்லுங்கள்? வருகிறேன் என்றாள், வந்தாள், பிடித்தாள். முட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி இழுத்தேன்.

வரவில்லை. பாரத்தால் வராமல் இருப்பது வேறு, அது எனக்குத் தெரியும், எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன். இது யாரோ எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பது. மறுபடி இழுத்தேன், அந்தக் கையின் விரல்கள் இன்னும் அழுந்தின. எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது.

"ஏய் யாதம்மா, ஏன் இப்படிப் பண்றே? விடு, இழுக்கறேன்ல?"

"நக்கோ" என்று, அந்த ஊர் ஹிந்தியில் வேண்டாம் என்று, ஒரு சத்தம்கூட இல்லை. அவள் எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள். துணியை விட்டுவிட்டு நிமிர்ந்து, கட்டில் கம்பியில் காலை வைத்து எக்கி அந்தப் பக்கம் பார்த்தேன்.

யாரும் இல்லை. சோபா, அதன் மேல் சரஸ்வதி அம்மாவின் சால்வை, ஜன்னல், அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து வெளியே போவதென்றால் கட்டிலைச் சுற்றிக்கொண்டு என் முதுகை உரசித்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது; உள்ளே வரும்போதும் யாரும் உரசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சுந்தரம் சாரின் கண்கள் மட்டும் விரியத் திறந்து, ஆள் நிற்கும் உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

நான் பயந்தது உண்மை. ஆனால் நான் ஓடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியை விட்டுவிட்டு ஓட எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அப்போதுதான் காலைப் பார்த்தேன். வலது காலின் கெண்டைச் சதை காலையில் நான் துடைத்துவிட்டபோது இருந்த மாதிரி இல்லை. வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, சிவந்திருந்தது. அந்த வீக்கத்தில் முட்டிக்குக் கீழே நாலு விரல் அழுந்தின குழிகள். நீர் கோத்த காலில் அழுத்திவிட்டு எடுத்தால் குழி உடனே நிரம்பாது, பார்த்திருப்பீர்கள். அந்தக் குழிகள் என் கண் முன்னால் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன. நான் அந்தக் காலைத் தொடவே இல்லை. புறங்கையை அருகில் கொண்டுபோனேன், அனல் அடித்தது.

அந்த நேரம் பார்த்துச் சரஸ்வதி அம்மா ஆவி பறக்கிற கிண்ணத்தோடு உள்ளே வந்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "இன்னும் திருப்பலயா? செரி, இப்படியே தேய்ச்சுக்கறேன், தள்ளு கண்ணு" என்று எண்ணெயில் கையை விட்டார்.

நான் குறுக்கே நின்றுகொண்டேன். "வேணாம்மா. காலைத் தொடாதீங்க."

"என்னது?"

"கால் வீங்கியிருக்குது. சிஸ்டர் வந்து பாக்கட்டும். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"வாதம் வந்த காலு வீங்கத்தான் செய்யும். அதுக்குத்தானே தேய்க்கறது? தள்ளு அம்மிணி."

"தள்ள மாட்டேம்மா."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பத்து நாளாக என்னைச் செல்லம் கொஞ்சினவர். "நீ ஆருன்னு நெனச்சுட்டு நிக்கற? கழுவித் தொடைக்கற ஆயா நீ. எம் புருசன் காலை நான் தொடக் கூடாதா? உன்ற மேனேஜர்கிட்டச் சொன்னா நாளைக்கு இங்க வேலைக்கு வருவியா?"

சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி அடுப்பு எரிந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் நகரவில்லை. "ஆயாதாம்மா. டாக்டர்னு நான் சொல்லவே இல்லையே. கண்ணுல பட்டதைச் சொல்றதுதான் என் வேலை, அதைச் சொல்லிட்டேன். சிஸ்டர் வந்து தேய்க்கலாம்னு சொன்னா, நானே உக்காந்து தேய்ச்சு விடறேன். மேனேஜர்கிட்டச் சொல்றதுன்னா அப்புறம் தாராளமாச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டில் தலைமாட்டில் இருந்த பெல்லை அழுத்தினேன். அழுத்தின விரலை எடுக்கவே இல்லை.

சுஜாதா சிஸ்டர் ஓடிவந்தார். காலை ஒரு பார்வை பார்த்தார், டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார், வலது கால் நன்றாகவே பருத்திருந்தது. டாக்டருக்கு ஃபோன் போட நடைக்குக் கிளம்பினார். போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "அழுத்திப் பாத்திருக்கியே, குழி தெரியுது. சொல்லிக் கொடுத்தது மறக்கலை" என்றார். நான் அழுத்தவில்லை சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் ஃபோனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள். காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு அப்படி வருமாம். டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "யாராவது இந்தக் காலைத் தேய்த்தீர்களா?" என்பதுதான். இல்லை என்றேன். நல்லவேளை என்றார். தேய்த்து உருவினால் அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடலாம், போனால் ஆளைப் பிடித்து நிறுத்த முடியாது என்று பொறுமையாக விளக்கினார். நான் அதைத் தமிழில் சரஸ்வதி அம்மாவுக்குச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார் பாருங்கள், எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றோடு சண்டை முடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து யாதம்மா காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து வந்தாள். எங்கேடி போனாய் என்றேன். "நன்னு எக்ஸ்ரேகி பம்பிஞ்சாரு கதா அக்கா, அக்கடே உன்னானு" என்றாள். எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டார்களாம், அத்தனை நேரமும் கீழேதான் இருந்திருக்கிறாள். அவளோடு போன நோயாளியும் அதையே சொன்னார்.

சரி, அந்தப் பக்கம் நின்றது யார்? பார்த்திருக்கக்கூடியவர் ஒரே ஒரு ஆள், அவர் வாயிலோ பேச்சு இல்லை. எனக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. மருந்து ஏறிக் கால் வீக்கம் வற்ற ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "சார், அன்னிக்கு உங்க எதிர்ல யாராவது நின்னாங்களா?" ஆமாம் என்று தலையை அசைத்தார். "யாரு சார்?" என்றேன். வாயைக் கோணிக் கோணி ஏதோ முயற்சி செய்தார், வெறும் காற்றுதான் வந்தது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பாவம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் கீழே பிசியோதெரபி அறைக்கு ஒரு பாட்டியை வீல்சேரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால், "அம்மிணி!" என்று சரஸ்வதி அம்மாவின் குரல். பக்கத்தில் சுந்தரம் சார், கைத்தடி ஊன்றி, காலை இழுத்து இழுத்து, ஆனால் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தார். பேச்சும் திரும்பியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்துவிட்டு, முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்.

"அம்மிணி... தலைக்கு... டை அடிச்சுட்டயா?"

"நானா? இல்லையே சார், எதுக்கு?"

"அன்னிக்கு... வெள்ளையா இருந்துச்சே. இங்க." இடது கையைத் தூக்கித் தன் இடது புருவத்துக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

சரஸ்வதி அம்மா சிரித்தார். "உங்களுக்கு எல்லாம் கொழம்பிப் போச்சுங்க. அம்மிணிக்கு எங்க நரைச்சுது? கருகருன்னு இருக்குது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சும்மா இரு. எனக்குத் தெரியும். எம் மூஞ்சிக்கு நேரா... அம்மிணிதான் நின்னா. என்ற காலைப் புடிச்சுட்டு. வேண்டாம்... வேண்டாம்னு தலைய ஆட்டுனா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "பின்னாடி ஒருத்தி இழுத்துட்டே இருந்தாளே... அவ ஆரு?"

பின்னாடி இருந்தது நான்தான் சார் என்றேன். அவர் நம்பவில்லை. கடைசி வரை தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

சுஜாதா சிஸ்டரிடம் சொன்னேன். மூளையில் அடி விழுந்தவர்களுக்கு முன்னால் பின்னால் எல்லாம் கலங்கிவிடும், தினமும் உன் முகத்தைப் பார்த்ததால் உன்னையே சொல்கிறார் என்றார். நியாயமான பேச்சு. நானும் ஒப்புக்கொண்டேன், ஒப்புக்கொண்டு பல வருஷம் நிம்மதியாக வேலை பார்த்தேன், இன்றைக்கும் அதே வேலைதான் பார்க்கிறேன்.

போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று தலை வாரும்போதுதான் கவனித்தேன். மற்ற முடியெல்லாம் கருப்பாகவே இருக்க, இடது புருவத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு கொத்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. இப்போது நன்றாகவே வெள்ளை. அசிங்கமாக இருக்கிறது, ஒரு டை பாக்கெட் பத்து நிமிஷ வேலை என்று என் மகள் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் நச்சரிக்கிறாள். வாங்கியும் வைத்துவிட்டாள், பாத்ரூம் அலமாரியில் இருக்கிறது. நான் தொடவில்லை. நான் இன்னும் அந்தக் கட்டிலின் எதிர்ப்பக்கம் போய் நிற்கவில்லையே. சுந்தரம் சார் பார்த்தது வெள்ளை முடி. நான் பாட்டுக்குக் கருப்பாக்கிக்கொண்டு, அதனால் போக முடியாமல் போய்விட்டால், அந்தக் காலை யார் பிடிப்பது?